உழைப்பாளிகளின் தேக வலிகளும் இயன்முறை மருத்துவமும்

சேலம் நகரத்தைச் சேர்ந்த செவ்வாய்ப்பேட்டை, முற்காலத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையினால் அப்பெயர் பெற்றது. தானியம், பருப்பு, வெல்லம் முதலிய சரக்குகளின் மொத்த வியாபாரத்திற்கு இக்காலத்திலும் அது பெயர் போன இடமாக விளங்குகிறது. சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் விளைவித்த பொருள்கள் அங்குள்ள மண்டிகளையும் லீ பஜாரையும் வந்தடைந்து, அங்கிருந்து பல ஊர்களுக்கும் பிரிந்து செல்கின்றன. களத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து லாரிக்கும் மாறும் ஒவ்வொரு தடவையும் அம்மூட்டைகள் யாதாவதொரு மனிதனுடைய முதுகின் மேலேறியே செல்கின்றன. வண்டி வாடகை, தரகு, சாக்கின் விலை ஆகிய யாவற்றையும் கணக்கில் எழுதுகிற குடியானவர், அம்முதுகின் தேய்மானத்தை மட்டும் எந்தப் பற்றிலும் எழுதுவதில்லை.

வயலில் உழைப்போர் நிலைமையும் இத்தகையதே. நாற்று நடும் பெண்கள் காலை முதல் மாலை வரை குனிந்த நிலையில் இருக்கிறார்கள். நிலக்கடலை பறிப்போரும் களை எடுப்போரும் குந்திய நிலையிலேயே பாத்தி முழுதும் நகர்கிறார்கள். சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மிகுதியாகப் பயிராகும் மரவள்ளியைப் பிடுங்குவோர், இறுகிய மண்ணிலிருந்து கிழங்கைச் செடியோடு இழுக்கும்போது இடுப்பு முழுவதையும் ஒரே இழுப்பில் வருத்துகிறார்கள். உழவு மாடு நொண்டினால் அன்றே வைத்தியம் பார்க்கப்படுகிறது. கிணற்று மோட்டார் சத்தமிட்டால் அன்றே கழற்றிப் பார்க்கப்படுகிறது. உழைப்பாளியின் முதுகோ முழங்காலோ நோயுற்றால் மாத்திரம், "வயதாகிவிட்டது" என்ற ஒரே சொல்லில் அது தள்ளி வைக்கப்படுகிறது. அவ்வாறு தள்ளி வைக்க வேண்டிய அவசியமில்லை என்பதையும், இவ்வலிகளிற் பெரும்பாலானவை கத்தியும் ஊசியுமின்றிக் குணமாகக் கூடியவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயன்முறை மருத்துவம் யாது?

பிசியோதெரபி என்று பலரும் அழைக்கும் இயன்முறை மருத்துவமானது, மருந்தை முதன்மையாகக் கொள்ளாமல், அளவறிந்து செய்விக்கும் அசைவு, பயிற்சி, கையால் செய்யும் பக்குவம், வெப்பம், குளிர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு தேகத்தின் இயக்கத்தைச் சீர்ப்படுத்தும் சிகிச்சையாகும். ஐரோப்பாவில் சுவீடன் தேசத்துப் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ஆம் வருஷத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் ஏற்படுத்திய தேகப் பயிற்சிக் கழகம் இதன் ஆரம்பங்களுள் ஒன்றெனக் கருதப்படுகிறது. 1894-ல் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் சேர்ந்து இத்தொழிலுக்கென ஒரு சங்கம் கண்டனர். இந்தியாவில் 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதையடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு கே. இ. எம். மருத்துவமனையில் இக்கல்விக்குரிய பள்ளி தோன்றியது.

தமிழ்நாட்டில் இச்சிகிச்சையின் அருமையை உலகறியச் செய்த இடம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாகும். அங்கே டாக்டர் பால் பிராண்ட் என்பவர், தொழுநோயினால் மடங்கிச் செயலற்றுப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றி அமைக்கும் ரணசிகிச்சையை 1940-களின் இறுதியில் செய்யத் தொடங்கினார். ரணசிகிச்சை மட்டும் போதவில்லை. இடம் மாற்றப்பட்ட தசைக்குப் புதிய வேலையைக் கற்பிப்பதற்கு நாள்தோறும் பயிற்சி தேவைப்பட்டது. அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நேர்ந்த மோட்டார் விபத்தில் இரு கால்களும் செயலிழக்கப் பெற்றார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு ரணசிகிச்சை செய்தார். பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயனாகும். முதுகுத்தண்டு முறிந்தோர் பலர் அங்கே பயிற்சி பெற்றுத் தம் ஊர் திரும்பித் தொழில் செய்து பிழைக்கலாயினர்.

வலி உண்டாகும் விதம்

ஏற்றம் இறைத்த காலத்தை அறிந்தோருக்கு முதுகெலும்பின் நிலைமையை விளக்குவது எளிது. ஏற்றத்தின் நீண்ட முனையிலுள்ள சிறு பாரத்தை நிறுத்த, குட்டையான மறுமுனையில் பெரும் பாரம் வைக்க வேண்டும். மனித தேகத்தில் இடுப்பெலும்பே ஏற்றத்தின் கால். முதுகின் தசைகள் அந்த எலும்பின் மையத்திற்குப் பின்னே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து இழுக்கின்றன. தூக்கப்படும் மூட்டையோ, குனிந்து எட்டித் தூக்கும்போது, மையத்திற்கு முன்னே 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தூரம் எட்டு மடங்காகையால், 50 கிலோ மூட்டைக்கு எதிராகத் தசைகள் ஏறக்குறைய 400 கிலோ விசையுடன் இழுக்க நேரிடுகிறது. அம்மூட்டையையே தேகத்தோடு அணைத்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால், இழுப்பு 200 கிலோவாகப் பாதியாய்க் குறைந்துவிடும். குனியும் தேகத்தின் சொந்தப் பாரம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

எலும்புகளின் இடையேயுள்ள மெத்தை போன்ற வட்டுகளும், தசைகளும், அவற்றைப் பிணைக்கும் நார்களும் இவ்விசையைத் தாங்குகின்றன. அளவான பாரத்தால் அவை பலப்படுகின்றன; அளவு மீறிய பாரமோ, ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தலோ அவற்றைச் சோர்வடையச் செய்து வலியை உண்டாக்கும். இடுப்பு வலியுடையோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு எலும்பு முறிவோ, கட்டியோ, கிருமி நோயோ இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகத்தில் 61 கோடியே 90 லக்ஷம் பேர் இடுப்பு வலியால் வருந்தினர். மனிதர் வேலை செய்ய இயலாமற் போவதற்குரிய காரணங்களுள் இதுவே முதலிடம் பெற்றுள்ளது.

படுக்கையா, நடமாட்டமா?

இடுப்புப் பிடித்துக்கொண்டால் பாயை விரித்துப் பல நாள் அசையாது படுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. வைத்தியர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே விதித்தனர். 1995-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதைப் பரிசோதித்தது. திடீரென இடுப்பு வலி கண்ட நகராட்சி ஊழியர்களில் ஒரு பகுதியார் இரண்டு நாள் படுக்கையில் இருத்தப்பட்டனர். மற்றொரு பகுதியார்க்கு முதுகை வளைக்கும் பயிற்சி கற்பிக்கப்பட்டது. மூன்றாவது பகுதியார், வலி பொறுக்கும் அளவில் தம் வழக்கமான காரியங்களைச் செய்துவரும்படி சொல்லப்பட்டனர். மூன்றாவது பகுதியாரே விரைவில் குணமடைந்தனர்.

இதற்குக் காரணம் அறிந்துகொள்ளத்தக்கது. முழுப் படுக்கையில் கிடக்கும் மனிதனின் தசை பலம் நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்துபோகிறது. இரண்டு வாரம் படுத்து எழுந்தவன், படுத்தபோது இருந்ததைவிடப் பலங்குன்றிய முதுகோடு அதே மூட்டையைத் தூக்கச் செல்கிறான், வலி திரும்புகிறது, மறுபடியும் படுக்கிறான். கூலியும் போகிறது, பலமும் போகிறது. ஆகையால் கடுமையான வலி கண்ட முதல் ஓரிரு நாள் பாரம் தூக்காமல் இருந்து, பின்னர் வீட்டிற்குள்ளும் தெருவிலும் சிறிது சிறிதாக நடந்து, லேசான வேலைகளில் தொடங்கி முன்னேறுவதே உசிதமான முறை. திடீரெனக் கண்ட இடுப்பு வலி பெரும்பாலோருக்கு ஆறு வாரத்திற்குள் மிகவும் தணிந்துவிடுகிறது.

இடுப்பிற்கு உரிய பயிற்சிகள்

கீழ்க்காணும் பயிற்சிகள் சாதாரண இடுப்பு வலியுடையோருக்கு ஏற்றவை. இக்கட்டுரையின் பிற்பகுதியிற் கூறப்படும் அபாயக் குறிகள் உடையோர் வைத்தியரைக் கண்ட பின்னரே செய்தல் வேண்டும்.

முதலாவது: பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெதுவாய் மேலே உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குதல். இரண்டாவது: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிப் பசு நிற்பதுபோல் நின்று, முதுகை மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் அசைத்தல். மூன்றாவது: அந்நிலையிலேயே வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி ஐந்து எண்ணி, பிறகு பக்கம் மாற்றிச் செய்தல். ஒவ்வொன்றையும் பத்துத் தடவையாகக் காலையும் மாலையும் செய்து வரலாம். இவற்றோடு தினந்தோறும் நடப்பதும் சேர வேண்டும்.

காலுக்கு இறங்கும் வலி சிலருக்கு முதுகைப் பின்னே வளைப்பதால் குறைகிறது. இதை வெளிப்படுத்தியவர் நியூஸிலாந்து தேசத்து இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி. 1956-ல் அவரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த மேஜையின் மேல் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிஷம் கழித்து மெக்கன்சி வந்து பார்த்தபோது, நெடுநாளாகக் காலில் இருந்த வலி நீங்கியிருந்தது. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தும் பயிற்சி இதிலிருந்து பரவியது. இப்பயிற்சியால் காலின் வலி இடுப்பை நோக்கி மேலேறிக் குறையுமானால் அது நல்ல குறி. வலி காலில் மேலும் கீழிறங்குமானால் அப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு வலி பொறுக்கத்தக்கது என்னும் வினா எழும். பயிற்சியின்போது சிறிது வலித்து, மறுநாட் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரியானது. மறுநாளும் வலி மிகுந்தே இருந்தால் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டுமேயன்றிப் பயிற்சியையே விட்டுவிடுதல் கூடாது.

முழங்கால் வலி

நாற்பது, ஐம்பது வயதிற்கு மேற்பட்டோரிடத்தில், விசேஷமாகப் பெண்களிடத்தில், முழங்கால் மூட்டுத் தேய்மானம் அதிகம் காணப்படுகிறது. தேய்ந்த மூட்டை ஆட்டினால் மேலும் தேயும் என்று அஞ்சிப் பலர் நடப்பதைக் குறைக்கின்றனர். இயந்திரத்திற்குப் பொருந்தும் இந்நியாயம் உயிருள்ள மூட்டிற்குப் பொருந்தாது. மூட்டின் குருத்தெலும்பிற்கு இரத்தக் குழாய் இல்லை. அழுந்துவதும் விடுபடுவதுமான அசைவினாலேயே அது சுற்றியுள்ள நீரிலிருந்து போஷணை பெறுகிறது. மேலும், தொடையின் முன்புறத் தசை பலமாயிருந்தால் அதுவே வண்டியின் வில்லைப்போல அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

ஆகவே தொடைத் தசையைப் பலப்படுத்துவதே முழங்கால் சிகிச்சையின் அடிப்படை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணி விடுதல் வேண்டும். பின் காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தி இறக்குதல் வேண்டும். சில வாரங்களில் பலம் கூடியபின், நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்து உட்காருதலைப் பத்துத் தடவை செய்தல் வேண்டும். இவற்றின் பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஒரு வாரம் செய்து பயனில்லையென விடுவது, விதை முளைப்பதற்குள் பாத்தியைக் கிளறிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

பருத்த தேகத்தையுடையோர் எடையைக் குறைத்தலும் அவசியம். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாக அறியப்பட்டுள்ளது. வலி மிகுந்த காலத்தில் குந்தி உட்காருதலைத் தவிர்த்து, களை எடுக்கவும் கடலை பறிக்கவும் தாழ்ந்த மணைப் பலகையை உபயோகிக்கலாம். கைத்தடியை ஊன்றுவோர், வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையிலேயே அதைப் பிடிக்க வேண்டும்.

தோள், கழுத்து, கை

செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு மாத்திரமன்று, வெள்ளிக் கொலுசுக்கும் பேர் பெற்றது. கொலுசுத் தொழிலாளர் தலை குனிந்து, சிறு வளையங்களைக் கோத்துப் பற்றவைத்துப் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கின்றனர். தறியில் நெய்வோரும் அவ்வாறே கழுத்தையும் தோளையும் ஓயாது வருத்துகின்றனர். தலையின் பாரம் சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கையில் எலும்பு அதைத் தாங்குகிறது. குனிகையில் பிடரியின் தசையே தாங்க வேண்டியிருக்கிறது. வேலை செய்யும் பலகையைச் சிறிது உயர்த்துவதும், அரை மணிக்கொரு முறை எழுந்து தோள்களைப் பின்னே சுழற்றி, மோவாயை உள்ளே இழுத்துப் பத்து எண்ணுவதும் பெரும் நன்மை தரும். கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போய், இரவில் விழிப்பூட்டும் எரிச்சல் இருக்குமானால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருப்பதாகக் கருதலாம். நாளடைவில் கையின் தசை மெலிந்துபோகக் கூடுமாகையால், வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

நாற்பது முதல் அறுபது வயதிற்குள், விசேஷமாக நீரிழிவு உள்ளோருக்கு, தோள் மூட்டு இறுகிக் கையை உயர்த்த முடியாமற் போவதுண்டு. இது முதலில் வலித்து, பின் இறுகி, கடைசியில் மெல்லத் தளரும். முழுதும் தீர ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை செல்லலாம். வலியை அஞ்சிக் கையைத் தொங்கவிட்டுவிட்டால் இறுக்கம் கூடுகிறது. முன்னே சாய்ந்து கையைக் கிணற்றுக் கயிறுபோல் தொங்கவிட்டு ஆட்டுதல், விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறுதல், இரு கைகளாலும் ஒரு கோலைப் பிடித்து நல்ல கையின் உதவியால் நோயுற்ற கையை உயர்த்துதல் ஆகியவை வீட்டிலேயே செய்யத்தக்கவை. சுவரில் எட்டிய இடத்தைக் கரியால் கோடிட்டு வந்தால், வாரந்தோறும் உண்டாகும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

பக்கவாதமும் எலும்பு முறிவும்

ஒரு பக்கத்துக் கையும் காலும் திடீரெனத் தளர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால், முதற் காரியம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதே. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது. எண்ணெய் தேய்ப்பதில் அந்நேரத்தைக் கழிப்பது ஈடு செய்ய முடியாத நஷ்டமாகும். உயிர் தப்பிய பின் இயன்முறை மருத்துவத்தின் பங்கு தொடங்குகிறது. நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், விரல்களும் தோளும் இறுகாமல் அசைத்தல், உட்காரவும் நிற்கவும் பழக்குதல் ஆகியவை முதல் சில நாட்களிலேயே வைத்தியர் சொற்படி ஆரம்பிக்கப்பட வேண்டும். மூளையின் நல்ல பாகங்கள், திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியினால், இழந்த பாகத்தின் வேலையை ஓரளவு கற்றுக்கொள்கின்றன. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதால் தோள் மூட்டு நழுவக்கூடும். ஆகையால் உறவினர் இடுப்பைத் தாங்கியே எழுப்ப வேண்டும்.

எலும்பு முறிந்து கட்டுப் போட்டோர், கட்டுக்கு வெளியேயுள்ள விரல்களை முதல் நாளிலிருந்தே அசைத்துவர வேண்டும். கட்டுப் போட்டபின் விரல்கள் வீங்கி, நீலம் பூத்து, மரத்து, நீட்டினால் பொறுக்க முடியாத வலி தோன்றினால், இரத்த ஓட்டம் தடைப்பட்டிருப்பதாக அறிந்து சில மணி நேரத்திற்குள் கட்டைத் தளர்த்தியாக வேண்டும். யார் போட்ட கட்டாயினும் இவ்விதி ஒன்றே. காலந் தாழ்த்தியதனால் கை நிரந்தரமாக மடங்கிப்போதலும், அதை வெட்டி நீக்க நேரிடுதலும் உண்டு.

பாரம் தூக்கும் முறையும் மூட்டையின் அளவும்

பாரத்தை நெருங்கி நின்று, கால்களைச் சற்று அகற்றி, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, மூட்டையைத் தேகத்தோடு அணைத்து, மூச்சை அடக்காமல் எழ வேண்டும். தூக்கியபடியே இடுப்பை முறுக்கித் திரும்பாமல், பாதங்களை மாற்றி வைத்துத் திரும்ப வேண்டும். தரையிலிருந்து தூக்குவதே மிகவும் வருத்துவதாகையால், மூட்டைகளை இடுப்புயரத் திட்டின் மேல் அடுக்கி வைப்பதும், இருவர் பிடித்து ஒருவர் முதுகில் ஏற்றுவதும், தள்ளுவண்டியை உபயோகிப்பதும் சிறந்தவை.

முறை எவ்வளவு சரியாயினும், பாரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. 1967-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் செய்த சிபார்சில், வயது வந்த ஆண் ஒருவர் கையாளும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது எனக் கூறப்பட்டது. அமெரிக்க தேசத்தின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1991-ல் திருத்தி வெளியிட்ட கணக்கில், எல்லா வகையிலும் சாதகமான நிலைமையிலும் 23 கிலோவே தக்க பாரமெனக் கொள்ளப்பட்டது. முன்னாளில் 100 கிலோ மூட்டைகளே வழங்கி வந்தன. 50 கிலோ பைகள் பிற்பாடு வழக்கத்திற்கு வந்தன. இவ்விடத்தில் குடியானவருடைய பொறுப்பு நேரடியாக வருகிறது. சாக்கை எவ்வளவு நிரப்புவது என்பதைக் களத்தில் தைக்கிறவரே நிச்சயிக்கிறார். ஒரு சாக்கின் விலையை மிச்சம் பிடிக்கும் பொருட்டு மேலும் பத்துப் பதினைந்து கிலோ திணிக்கும்போது, அம்மிச்சத்தைக் கொடுப்பது மண்டியிலிருக்கும் மனிதனின் முதுகே. அளவோடு கட்டிய மூட்டை அடுக்குவதற்கு எளிது. கிழிந்து சிந்தி நஷ்டமாவதும் குறையும்.

வயல் வேலையிலும் கருவியை மாற்றினால் வலி குறையும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், வேலையாட்களின் முதுகைக் கெடுத்ததாலேயே குட்டைக்காம்புக் களைக்கொட்டு 1975-ல் தடை செய்யப்பட்டது. நீண்ட காம்புடைய களைக்கொட்டும், நெல் வயலில் நிமிர்ந்து நின்றபடி தள்ளும் கோனோ களைக்கருவியும், மரவள்ளியைப் பிடுங்க நெம்புகோல் முறையில் அமைந்த கருவியும் இந்நோக்கத்திற்கு உதவுவன. நெம்புகோலை உபயோகிக்கையில், முதுகு செய்த வேலையைக் காலும் தேகப் பாரமும் ஏற்றுக்கொள்கின்றன.

மாத்திரைகளும் பட்டைகளும்

வலி மாத்திரை சில நாட்களுக்கு உதவலாம். வலி தணிந்த அச்சமயத்தில் பயிற்சியைத் தொடங்குவதும் எளிது. ஆனால் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் தின்பது அபாயகரமானது. இவ்வகை மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்குவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். கோடை வெயிலில் வியர்த்து, நீர் குடிக்காமல் உழைப்போருக்கு இக்கெடுதி அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலியைப்பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், நோயைப்பற்றிய விளக்கம், பயிற்சி, கையால் செய்யும் சில சிகிச்சைகள் முதலியன ஏற்றுக்கொள்ளப்பட்டன. இடுப்புப் பட்டையும், பாரம் தொங்கவிட்டு இழுக்கும் சிகிச்சையும், ஒலியலை, மின்துடிப்பு இயந்திரங்களும் வழக்கமாகச் செய்யத்தக்கனவல்ல என அதில் தள்ளப்பட்டன. ஆகவே, பயிற்சி யாதும் கற்பிக்காமல் இயந்திரத்தை மாத்திரம் பல நாள் வைத்து அனுப்பும் இடத்தைவிட, நோயாளியின் தொழிலை விசாரித்து, அதற்கேற்ற பயிற்சியைச் செய்து காட்டி, வீட்டில் செய்யச் சொல்லும் இடமே மேலானது.

அபாயக் குறிகள்

கீழ்க்கண்ட குறிகளில் ஒன்று காணினும் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியரைப் பார்க்க வேண்டும்: மலஜலம் அடக்க முடியாமை அல்லது சிறுநீர் பிரியாமை; தொடைகளின் உட்புறமும் ஆசனப் பகுதியும் மரத்துப்போதல்; காலின் பலம் நாளுக்கு நாள் குறைதல்; ஜுரத்தோடு கூடிய முதுகு வலி; காரணமின்றித் தேகம் இளைத்தல்; இரவில் படுத்தாலும் குறையாத வலி; மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தபின் உண்டான வலி; முன்பு புற்றுநோய் கண்டவருக்குத் தோன்றும் வலி. நீடித்த ஜுரமும் இளைப்பும் முதுகு வலியும் சேர்ந்து வருவது முதுகெலும்பைப் பற்றிய க்ஷயரோகமாகவும் இருக்கலாம். இந்நோய் மருந்தினால் குணமாவது; அலட்சியம் செய்தால் கால்களைச் செயலிழக்கச் செய்யும்.

உதவி பெறும் வழி

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இப்பிரதேசத்தார்க்கு அணித்தானவை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், நடமாட முடியாதோரின் வீட்டிற்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அதே வருஷத்தில் மத்திய அரசு இயற்றிய சட்டம், இயன்முறை மருத்துவர்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்கு செய்ய வழிசெய்தது. ஆகையால் சிகிச்சை அளிப்பவர் முறையாகப் பட்டம் பெற்றவரா எனக் கேட்டறிவது நோயாளியின் உரிமையாகும். சுமைதூக்குவோர் முதலிய உடலுழைப்புத் தொழிலாளரின் வேலை நிலைமைகளையும் நலத்தையும் கருதி, தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி ஏற்பட்ட நல வாரியத்தில் பதிந்துகொள்வது அவர்களுக்கு நன்மையே.

அன்றாடக் கூலியில் ஜீவிக்கும் ஒருவன் தினமும் சிகிச்சைக்குச் சென்றுவர இயலாது என்பது உண்மையே. இம்மருத்துவத்தின் விசேஷம் யாதெனில், ஒன்றிரண்டு தடவை சென்று பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டால், மிகுதி வேலை வீட்டிலேயே ஒரு பாயும் ஒரு சுவரும் கொண்டு நடந்துவிடும். தேவையானது காலையில் பதினைந்து நிமிஷம், மாலையில் பதினைந்து நிமிஷம். வேலை கொடுப்போரும், வலி கண்ட ஆளை உடனே நிறுத்திவிடாமல், மூட்டை தூக்குவதற்குப் பதிலாகச் சில வாரம் தைத்தல், எடை பார்த்தல், கணக்கெழுதுதல் போன்ற லேசான வேலை கொடுப்பார்களானால், அவன் குடும்பம் பட்டினியின்றி இருப்பதோடு அவன் சீக்கிரம் பழைய வேலைக்குத் திரும்பவும் கூடும். அநுபவமுள்ள ஓர் ஆளை இழந்து புது ஆளைப் பழக்குவதைக் காட்டிலும் இது லாபகரமானதே.

மண்ணின் சத்துக் குறைந்தால் எரு இட்டு மீட்பதைக் குடியானவர் நன்கறிவர். தேகத்தின் பலமும் அவ்வாறே மீட்கத்தக்கது. அடுத்த அறுவடையில் களத்து மூட்டைகளைத் தைக்கும்போது, அவற்றைச் சுமக்கப் போகும் முதுகையும் கணக்கிற் சேர்த்து, அளவோடு நிரப்பித் தைப்பதே இதில் குடியானவர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய முதற் காரியமாகும்.